மூன்று வெடிக்கும் திரும்பாத பிள்ளை

செம்புக் குடத்தை நான் மூன்றாவது தடவை தரையில் போட்டபோதுதான், எங்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று தெரு முடிவு செய்தது. அடுத்த வீட்டு மயினி அரைத்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு, தேங்காய் ஒட்டிய கையோடு பின்வாசல் வழியாக வந்தாள்.

“என்னட்டி, கையை ஓங்கிட்டாரா?”

“இல்ல மயினி. குடம் கை தவறிட்டு.”

“மூணு வாட்டியுமா?”

“வழுக்குது.”

அவள் குடத்தைப் பார்த்தாள். அது சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. பிறகு பக்கத்து அறையை எட்டிப் பார்த்தாள். அவர் அங்கே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கப் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. இல்லாத புருஷனோடு சண்டை போட்டுக் குடத்தை எறிகிறவளை என்ன செய்வதென்று மயினிக்குத் தெரியவில்லை.

குடத்துக்கு ஒரு முழம் தள்ளி, பாயில் என் மகள் உட்கார்ந்து, தன் கால் பெருவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மாதம் முடிந்திருந்தது. மூன்று தடவையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இதை மயினியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெண் பிள்ளை. காது கேட்காது என்று யாராவது ஒருத்தி சொல்லிவிட்டால், அவளுக்குக் கல்யாண வயது வருகிறவரை ஊர் அதை மறக்காது. அதனால் கையில் கிடைத்த பொய்யைச் சொன்னேன்.

“பிள்ளை எதுக்கெடுத்தாலும் பயந்துக்கிடுது மயினி. சத்தம் பழக்கிவிடலாமேன்னு பார்த்தேன்.”

மயினி பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை பெருவிரலை வாய்க்குக் கொண்டுபோகும் முயற்சியில் இருந்தது.

“நீ படிச்சவளாக்கும்,” என்றாள் மயினி. அதை அவள் ஒருநாளும் பாராட்டாகச் சொன்னது கிடையாது.

படித்ததுதான் வினையாகப் போயிற்று. பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரியில், எழுதப் படிக்கத் தெரிந்த தாய்மாருக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். பிள்ளை எந்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்று அதில் வரிசையாக இருந்தது. நான் பள்ளி இறுதி வகுப்புவரை படித்தவள். அச்சில் ஏறியதை நம்பிப் பழகியவள். ஒவ்வொரு மாதமும் பென்சிலால் குறி போட்டுக்கொண்டு வந்தேன். சிரிப்பு, கவிழ்தல், உட்காருதல் எல்லாம் சொன்ன மாதத்தில் நடந்தன. ஒன்பதாம் மாதத்துக்கு நேரே, ஓசை வரும் திசையில் குழந்தை தலையைத் திருப்பும் என்று போட்டிருந்தது. அங்கே என் பென்சில் நின்றுவிட்டது.

முதலில் கை தட்டிப் பார்த்தேன். திரும்பவில்லை. கதவைச் சாத்தினேன். திரும்பினாள். எனக்கு உயிர் வந்தது. பிறகு, கதவு சாத்தும்போது காற்று அடித்திருக்குமே என்று தோன்றியது. காற்று இல்லாமல் சாத்திப் பார்த்தேன், திரும்பவில்லை. ஆனால் காற்று இல்லாமல் சாத்தினால் சத்தமும் அவ்வளவாக இல்லை. அதனால்தான் குடம். குடத்துக்கும் திரும்பவில்லை என்றபோது, ஒருவேளை பெருவிரலில் மும்முரமாக இருக்கிறாளோ என்று ஒரு நினைப்பு. பெருவிரலைத் துணியால் மூடிவிட்டுப் போட்டேன். அவள் துணியில் மும்முரமாகிவிட்டாள்.

நாங்கள் அப்போது நாகர்கோவிலில் இருந்த வீட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். குலசேகரம் போகிற பஸ்ஸும் அஞ்சுகிராமம் போகிற பஸ்ஸும் எங்கள் வாசலுக்கு நேரே நின்று ஆள் ஏற்றும். அந்தக் காலத்துப் பெட்ரோல் எஞ்சின். டிரைவர் புறப்படுவதற்குப் பத்து நிமிஷம் முன்பே அதை முடுக்கி உறுமவிட்டுக்கொண்டு, வெற்றிலை போட இறங்கிவிடுவார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், நம்முடைய தாலுகாக்கள் எந்த ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று எஞ்சினையும் மிஞ்சிக் கத்திக்கொண்டிருப்பார்கள். இது வாசல் பக்கத்துச் சத்தம்.

உள்பக்கத்துச் சத்தத்துக்கு என் வீட்டுக்காரர் பொறுப்பு. யுத்தம் முடிந்து பட்டாளத்தில் கழித்துப்போட்ட ரேடியோ ரிசீவர் ஒன்றை அவர் வாங்கி வைத்திருந்தார். அரிசிப் பெட்டி அளவு, அதைவிடக் கனம். சர்க்காரிடம் முறைப்படி அனுமதி வாங்கி, தானே செய்த ஒரு டிரான்ஸ்மிட்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உலகத்தில் தன்னைப் போலவே ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் அந்நியர்களோடு புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்டிப் பேசுவார். அப்படி என்ன பேசுவீர்கள் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். “என் சத்தம் அவருக்கு எப்படிக் கேக்குதுன்னு அவர் சொல்லுவார். அவர் சத்தம் எனக்கு எப்படிக் கேக்குதுன்னு நான் சொல்லுவேன்,” என்றார். பொறவு? பொறவு ஒன்றும் இல்லை. வணக்கம் சொல்லிவிடுவார்களாம்.

அவருக்கு இரண்டு சத்துருக்கள். ஒன்று, வாசலில் நிற்கும் பஸ். எஞ்சினுக்குள் பொறி தட்டுகிற ஒவ்வொரு தடவையும் ரிசீவரில் ஒரு ‘டப்’ விழும். பஸ் உறுமும்போது டப்டப்டப் என்று ஆயிரம் பொரி பொரிகிற மாதிரி இருக்கும். அதற்குள்ளே எங்கோ ஒருவர் கொசு ரீங்கரிக்கிற மாதிரி மூளிக்கொண்டிருப்பார். அவரைப் பிடிக்க முடியாமல் இவர் தலையில் கை வைத்துக்கொள்வார். இன்னொரு சத்துரு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு பெரியவர். பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் ஒரு பெட்டி உண்டு. அவர் மோர்ஸ் சாவியை அழுத்தினால் எங்கள் ரிசீவர் அடங்கிப்போகும். கிட்டத்தில் ஒருவர் காதுக்குள் கத்தும்போது தூரத்தில் உள்ளவர் முணுமுணுப்பது நமக்குக் கேட்காதல்லவா, அதுபோல. பஸ்ஸின் பொரிச் சத்தம்கூட அப்போது அமுங்கிவிடும்.

“நல்ல ரிசீவர்னா என்ன தெரியுமா?” என்பார் சோறு பிசைந்துகொண்டே. “கொசு மூளுறதும் கேக்கணும். பக்கத்துல வெடி வெடிச்சாலும் காது அடைக்கக் கூடாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கோ, அதாக்கும் அதோட தரம்.”

“நம்ம ரிசீவர்?”

“கொசு கேக்கும். வெடிக்குச் செத்துரும்.”

பெரியவரை ஒன்றும் செய்ய முடியாது. பஸ்ஸையாவது சமாளிக்கலாம் என்று நாலு மாதமாக ஒரு தகரத் தட்டில் இரண்டு வால்வுகளைப் பொருத்தி, ஈயம் பற்றவைத்து ஒரு கருவி செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு டப்புக்கும் அந்தக் கருவி ரிசீவரின் காதை ஒரு நொடிக்கும் குறைவாகப் பொத்தித் திறந்துவிடும். நாம் கண் இமைப்பது நமக்கே தெரியாத மாதிரி, பொத்தினதே தெரியாது என்றார். ஹெட்போன் வயரை எலி கடித்துத் துண்டாக்கிவிட்டதால், மகள் பிறந்த நாள்முதல் எல்லாம் ஒலிபெருக்கியில்தான் நடந்தது.

என் மகள் இந்த இரண்டு பக்கத்துச் சத்தத்துக்கும் நடுவே பால் குடித்து, உறங்கி வளர்ந்தவள். எதற்கும் அசைய மாட்டாள். ‘சமத்துப் பிள்ளை’ என்று மூன்று மாதம் பெருமை அடித்துக்கொண்டேன். இப்போது அந்தப் பெருமையே சந்தேகமாயிற்று.

இன்னொன்றும் இருந்தது. அவள் என் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது, அவர் ஒரு நாள் சிரித்துக்கொண்டே ஹெட்போனை என் வயிற்றில் வைத்து, “பிள்ளையும் கேக்கட்டு,” என்றார். நானும் சிரித்தேன். உள்ளே ஒரு உதை விழுந்தது. அந்த உதை சந்தோஷத்தில் விழுந்ததா, காது வலித்து விழுந்ததா? ஒன்பது மாதம் முடிந்த பிறகு இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அவரிடம் சொன்னால் அவரும் இதைத்தான் நினைப்பார். நினைத்து உடைந்துபோவார். அதனால் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது சரிதானா என்றும் தெரியவில்லை.

மயினி சும்மா இருக்கவில்லை. மறுநாளே வந்தாள்.

“பயத்துக்கு நம்ம மேக்கே உள்ள அம்மன்கோயில்ல வெடி வழிபாடு நேரணும். மூணு வெடி. பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டணும். நானும் கூட வாறேன்.”

மறுக்கத்தான் வாயெடுத்தேன். அப்போதுதான் தோன்றியது: குடத்தைவிடப் பெரிய சத்தம் அது. அம்மனும் பார்த்துக்கொள்வாள், நானும் சோதித்துக்கொள்ளலாம். ஒரே காரியத்தில் நேர்ச்சையும் பரீட்சையும் வைப்பது அம்மனுக்குப் பிடிக்குமா என்று வழி நெடுகக் கவலைப்பட்டுக்கொண்டே போனேன்.

கோயில் புறத்தில் ஒரு தென்னந்தோப்பு. கைப்பிடி அளவு இரும்புக் குழாய்களில் மருந்தை இடித்து நிரப்பி வரிசையாக நட்டிருந்தார்கள். அதைக் கதினா என்பார்கள். வெடிக்காரர் காதில் பஞ்சு வைத்திருந்தார்.

“ஆருக்காக்கும்?”

“பிள்ளைக்கு,” என்றாள் மயினி. “எதுக்கெடுத்தாலும் பயப்படுது.”

“அப்பம் பிள்ளையைத் தூரத்துல கொண்டு நில்லுங்க.”

“வேண்டாம்,” என்றேன் நான். “இங்கயே நிக்கோம்.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் திரியில் நெருப்பை வைத்தார். முதல் வெடிக்கு அந்தத் தோப்பில் இருந்த காக்கை முழுவதும் எழும்பிற்று. ஒரு ஆடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. மயினி “அம்மே” என்று என் தோளைப் பிடித்தாள். என் மகள் வெடிக்காரர் காதில் இருந்த பஞ்சை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வெடிக்கு ஒரு கொட்டாவி விட்டாள். மூன்றாவதுக்கு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

வெடிக்காரர் காதுப் பஞ்சை எடுத்துவிட்டுக் கிட்டே வந்து பார்த்தார். “இதுக்கா பயம்?” என்றார். “கொள்ளாம், நல்ல பயம்தான். இனி எனக்காக்கும் பயம்.”

“பாத்தியாட்டி,” என்றாள் மயினி என்னிடம். “மூணு வெடிதான். பயம் போன இடம் தெரியல்ல.”

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். பக்தி என்று மயினி நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, காப்பி குடித்து, பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டார். வாசலில் அஞ்சுகிராமம் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி பொரிந்துகொண்டிருந்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அறை வாசலில் போய் நின்றேன்.

“பிள்ளைக்குக் காது கேக்கல்ல.”

“செத்த பொறு, பஸ் போகட்டு.”

“பஸ் போனாலும் கேக்கல்ல. வெடிக்கே கேக்கல்ல.”

அவர் திரும்பினார். “என்ன வெடி?”

குடம் முதல் கதினாவரை எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றில் ஹெட்போன் வைத்ததையும் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாது என்று பதினைந்து நாளாகக் கட்டிவைத்திருந்தது, கொட்டிவிட்டது. பாதி பஸ்ஸில் போயிற்று, பாதி பொரிச் சத்தத்தில் போயிற்று. அவர் முகம் வெளுத்துவிட்டது. “என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு,” என்று சொல்லிக்கொண்டே, நான் சொல்வது ஒழுங்காகக் கேட்க வேண்டுமே என்று கையை நீட்டி ஒரு சுவிட்சைப் போட்டார். ரிசீவரை அணைத்திருக்கலாம். அதை அணைக்கலாம் என்பது அவருக்கு எப்போதுமே தோன்றியதில்லை. புதுக் கருவியின் சுவிட்சைப் போட்டார்.

டப்டப் என்ற பொரிச்சல் சட்டென்று நின்றது. பஸ் வெளியே உறுமிக்கொண்டுதான் இருந்தது. ரிசீவருக்குள் அது இல்லை. நாலு மாதத்தில் முதல் முறையாகக் கருவி வேலை செய்தது.

என் மகள் உடம்பு தூக்கிப்போட, வீறிட்டு அழுதாள்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் சுவிட்சை அணைத்தார். பொரிச்சல் திரும்ப வந்தது. அழுகை விக்கலாகி, அடங்கி, அவள் என் தாலிச் சரட்டைப் பிடித்துக் கடிக்கத் தொடங்கினாள்.

மறுபடி போட்டார். மறுபடி வீறிட்டாள்.

“கேக்குதுட்டி,” என்றார் அவர். “சத்தம் நின்னதைக் கேக்குது.” பஸ் போனதும் அவள் சிணுங்கும்போதெல்லாம் பசி என்று பால் கொடுத்தது எனக்கு நினைவு வந்தது.

எனக்கு அழுகையும் சிரிப்பும் வந்தன. அதற்குள் சந்தேகமும் வந்துவிட்டது. “உங்க கை அசையுறதைப் பாத்து அழுதிருப்பா.”

அவர் துண்டைப் போட்டுக் கையை மறைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். அழுதாள். “துண்டைப் பாத்துப் பயந்திருப்பா,” என்றேன். பிள்ளையைச் சுவரைப் பார்க்கத் திருப்பிக்கொண்டு நின்றேன். அழுதாள். “நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன். அது அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்,” என்றேன்.

“நீ எங்க ஸ்கூல்ல இன்ஸ்பெக்டரா வந்திருக்கணும்,” என்றார் அவர்.

கருவியை அணைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். நானும் அசையாமல் நின்றேன். பொரிச்சல் ஓடிக்கொண்டிருந்தது. மகள் சரட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இனி என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாத அந்த நேரத்தில், யாரும் எதையும் தொடாமல், ரிசீவர் தானாக அமுங்கிற்று. பொரிச்சல் மங்கி, அறை அடங்கியது.

மகள் வீறிட்டாள்.

“பெரியவர்,” என்றார் அவர் மெதுவாக.

இரண்டு தெரு தள்ளி அந்தப் பட்டாளத்துப் பெரியவர் தன் டிரான்ஸ்மிட்டரைச் சரிபார்க்கிறார். சாவியை அழுத்திப் பிடித்தால் எங்கள் ரிசீவர் செத்துவிடும். விட்டால் உயிர் வரும். அவர் அழுத்தினார், என் மகள் அழுதாள். விட்டார், நிறுத்தினாள். அழுத்தினார், அழுதாள். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இருப்பதையே அறியாத மனிதர் அவர். அவர் கையை என் மகள் பார்த்திருக்க முடியாது. அவர் மூச்சைப் பிடித்திருந்தாலும் தெரிந்திருக்காது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“இந்த மனுஷன்மேல எனக்கு இன்னைக்குத்தான் ஒரு மரியாதை வருது,” என்றார் என் வீட்டுக்காரர்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் விடிந்ததும் எனக்கு வேறொன்று தோன்றியது. சத்தம் நிற்பது கேட்கிறது, சரி. வருவது கேட்க வேண்டாமா? ஆஸ்பத்திரியில் காட்டாமல் விட்டால் நாளைக்கு யார் பொறுப்பு? அவர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட வந்தார்.

நர்ஸம்மா பிள்ளையின் பின்னால் நின்று ஒரு தகரத் தட்டைக் கரண்டியால் அடித்தார். மகள் என் வளையலை எண்ணிக்கொண்டிருந்தாள். இன்னும் ஓங்கி அடித்தார். அடுத்த அறையிலிருந்து ஒரு நோயாளி எழுந்து வந்து என்ன என்று கேட்டார். மகள் திரும்பவில்லை. நர்ஸம்மாவின் முகம் மாறியது, பேனாவை எடுத்தார்.

“சிஸ்டர், எழுதாண்டாம்,” என்றார் என் வீட்டுக்காரர். “நீங்க ரொம்பப் பலமா அனுப்புறிய.”

“என்னது?”

“ஒரு நிமிஷம். யாரும் பேசக் கூடாது.”

சன்னலைச் சாத்தினார். கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு, பிள்ளைக்குப் பின்னால், ஒரு சாண் தூரத்தில், வலது காது பக்கமாகப் பிடித்தார். அறை அடங்கியிருந்தது. எனக்கே கடிகாரச் சத்தம் கேட்கவில்லை. மகள் அழப்போகிறாள் என்று உதடு பிதுங்குவதைப் பார்த்தேன். பிதுங்கிய உதடு அப்படியே நின்றது. தலை மெல்ல வலப்பக்கம் திரும்பிற்று. கடிகாரத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள். இடது பக்கம் கொண்டுபோனார். இடது பக்கம் திரும்பினாள்.

நர்ஸம்மா கடிகாரத்தை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். ஓடுகிறதா என்று சந்தேகம் போலும். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். “உங்க வீடு எங்க இருக்கு?”

சொன்னேன். பெட்டியையும் சொன்னேன். “அப்பம் இந்தத் தகரத் தட்டுக்கா பிள்ளை திரும்பும்?” என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார். நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, அவர் முன்னாலேயே பென்சிலால் ஒன்பதாம் மாதத்துக்குக் குறி போட்டேன்.

“கொசுவும் கேக்குது, வெடிக்கும் அடைக்கல்ல,” என்றார் அவர் வெளியே வந்ததும். “இந்த மாதிரி ஒரு ரிசீவர் செய்ய எனக்கு நாலு வருஷம் போதாது.” ஆனாலும் இந்தப் பிள்ளையைச் செய்ததில் தனக்கு மட்டும்தான் பங்கு என்கிற மாதிரி பெருமையோடு சொன்னார். சரி என்று விட்டுவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் முன்சீட்டு கிடைத்தது. எஞ்சின் பக்கத்திலேயே. மகள் அந்த உறுமலில் இரண்டே நிமிஷத்தில் உறங்கிப்போனாள். முதல் ஸ்டாப்பில் டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். மகள் தூக்கிப்போட்டு விழித்து, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். பஸ் புறப்பட்டது, உறங்கினாள். இரண்டாவது ஸ்டாப்பில் நிறுத்தினார், அழுதாள்.

“பிள்ளைக்கு என்ன வேணும் ஓய்?” என்று டிரைவர் அவரைப் பார்த்துக் கேட்டார்.

“ஒண்ணும் வேண்டாம். நீரு எஞ்சினை மட்டும் நிறுத்தாண்டாம்.”

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எஞ்சினை நிறுத்த வேண்டாம் என்று கேட்பவர், நாலு மாதமாக அதைக் கரித்துக் கொட்டிய மனிதர் என்பது அந்த டிரைவருக்குத் தெரியாது. எங்கள் வாசல் வந்து நாங்கள் இறங்கி உள்ளே போய்ப் பிள்ளையைப் பாயில் கிடத்தும்வரை, டிரைவர் வெற்றிலைகூடப் போடாமல் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டே இருந்தார்.